பாரிசில் ஒரு தலையாடி

1

ஆடி பிறந்ததை எனக்கு எந்தக் காலண்டரும் சொல்வதில்லை. வசந்தா சொல்வாள். கல்யாணமான நாளிலிருந்து அந்த இலாகா அவளிடம்தான் இருக்கிறது. இந்த வருஷம் அவள் என்னிடம் சொல்லவில்லை; நேராக மகளுக்குப் போன் போட்டுவிட்டாள்.

மகளுக்குப் போன சித்திரையில்தான் கல்யாணம் ஆனது. மாப்பிள்ளை பிரெஞ்சுக்காரப் பையன். நல்ல பையன், ரசத்தைக் காப்பிக் கோப்பையில் ஊற்றிக் கொடுத்தாலும் குடித்துவிட்டு நன்றி சொல்வான். கல்யாணமானதும் வரும் முதல் ஆடியான தலையாடிக்கு ஒரு மாசம் அம்மா வீட்டுக்கு வந்துவிட வேண்டும், புருஷன் பெண்டாட்டி பிரிந்து இருக்க வேண்டும், அது நம் வழக்கம் என்று வசந்தா தமிழில் விளக்கினாள். மகள் பிரெஞ்சில் பதில் சொன்னாள். கல்யாணத்துக்கு முன்னால் நாலு வருஷம் ஒரே வீட்டில் இருந்தபோது வராத ஆபத்து இப்போது எங்கிருந்து வரும் என்று கேட்டாள். பின்னாலிருந்து மாப்பிள்ளையின் குரல், அந்த ஒரு மாசம் ஆபீசில் தனியாக லீவு தருவார்களா என்று விசாரித்தது. வசந்தா போனை வைத்துவிட்டு, ஆடி மாசத்தைக் கண்டுபிடித்தவனே நான்தான் என்பது போல என்னைப் பார்த்தாள்.

நான் சிரித்தேன். சிரித்துக்கொண்டே சமையல்கட்டுக்குப் போய்த் தண்ணீர் குடித்தேன். ஏனென்றால் இந்த ஆடிதான் என்னை இந்த நாட்டிலிருந்து பெட்டி படுக்கையோடு வெளியே தள்ளப் பார்த்தது. ஊருக்குப் போகும்போதெல்லாம், "உனக்கு எப்பிடிப்பா அந்த நாட்டு அட்டை கெடச்சுது?" என்று கேட்பவர்களிடம், "எல்லாம் முகராசி" என்று சொல்லித் தப்பித்து வந்திருக்கிறேன். என் முகத்தைப் பார்த்தவர்கள் யாரும் அதை நம்பியதில்லை. உண்மையை எழுதிவிடுகிறேன்.

2

எனக்கு ஊர் கச்சிராயபாளையம் பக்கம், கல்வராயன் மலையின் காலடி. சரித்திரத்தில் பி.ஏ. படித்தேன். கடலூர் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டு, பதிந்ததைப் புதுப்பிப்பதையே ஒரு வேலையாகச் செய்துகொண்டிருந்தேன். இட ஒதுக்கீடு கேட்டு எங்கள் பக்கத்து ஜனம் சாலைக்கு வந்த வருஷங்கள் அவை. படித்துவிட்டு ஆட்டுக்குப் பின்னால் நடக்கும் பையன்களுக்காகத்தான் அந்தப் போராட்டம் என்று மேடையில் பேசுவார்கள். எங்கள் வீட்டில் ஆடு இல்லை. மற்றபடி அது என்னைப் பற்றிய பேச்சுதான்.

இதற்கு நடுவில் பாண்டிச்சேரியிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. பிரெஞ்சுக்காரர்கள் அந்த ஊரை விட்டுப் போனபோது, எங்களுக்கு உங்கள் குடியுரிமையே இருக்கட்டும் என்று கையெழுத்துப் போட்ட குடும்பங்கள் அங்கே உண்டு. வசந்தாவின் அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். அந்த ஊரில் அப்படிப்பட்டவரைச் சொல்தா என்பார்கள். அவர் காலமான பிறகு அம்மாவும் மகளும் பாரிசுக்குப் பக்கத்தில் குடியிருந்தார்கள். கல்யாணத்துக்காகப் பாண்டிச்சேரி வந்திருந்தார்கள். பெண்ணைக் கட்டினால் அந்த நாட்டில் இருக்க அனுமதி கிடைக்கும். பெண் பார்க்கப் போனபோது நான் பெண்ணைப் பார்த்ததைவிட அவள் பாஸ்போர்ட்டைப் பார்த்ததுதான் அதிகம் என்று என் பெரியப்பா மகன் சேகர் அண்ணன் ஊரெல்லாம் சொல்லி வைத்தார். அது பொய். பாஸ்போர்ட்டை அவர்கள் காட்டவே இல்லை.

பெண்ணை நான் பார்த்தேன். அவளும் பார்த்தாள். காப்பித் தட்டை நீட்டும்போது, "சர்க்கரை கம்மியா இருக்கும், அம்மா போட்டது" என்று மெதுவாகச் சொன்னாள். அந்தக் காட்டிக்கொடுத்தலில் நான் விழுந்தேன்.

ஆவணிக் கடைசி முகூர்த்தம், கள்ளக்குறிச்சியில் மண்டபம். அந்த வாரம்தான் சாலைகளை மறித்தார்கள். புளியமரங்களை வெட்டி ரோட்டுக்குக் குறுக்கே சாய்த்தார்கள். பெண் வீட்டு வேன் சந்துபொந்தெல்லாம் புகுந்து தியாகதுருகம் வரைக்கும் வந்துவிட்டது. அதைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில், அப்போதுதான் விழுந்த ஒரு மரம். இலை கூட வாடவில்லை. மரத்துக்கு அந்தப் பக்கம் கோடாலியோடு நின்றவர் யாரென்று நினைக்கிறீர்கள்? சேகர் அண்ணன்தான்.

தம்பிக்கு வேலை வேண்டும் என்று ராத்திரியெல்லாம் மரம் வெட்டியவர், காலையில் குளித்துவிட்டுக் கல்யாணத்துக்கு வந்துவிடலாம் என்று கணக்குப் போட்டிருக்கிறார். வேனுக்குள் பட்டுப்புடவையும் மாலையுமாக வசந்தாவைப் பார்த்ததும் கோடாலியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார். என் மாமியார் இறங்கி, இந்த மரத்தை எடுக்கச் சொல்லுங்கள் என்று பட்டாளத்துக் குரலில் கேட்டார்.

"வெட்டத்தாங்க தெரியும். எழுப்பி நிறுத்தத் தெரியாதுங்களே" என்றார் அண்ணன். "எறங்கி வாங்க, நாங்க இட்டுக்கினு போறோம்."

மீதி வழி முழுக்க நடைதான். சீர்ப் பெட்டியை அண்ணன் தலையில் சுமந்தார். கூட மரம் வெட்டியவர்கள் ஆளுக்கொரு மூட்டை. ஒவ்வொரு மரமாக ஏறி இறங்கிக்கொண்டு, முள் குத்திய பாதத்தோடு, முகூர்த்தம் தவறிப் போய், என் மனைவி கள்ளக்குறிச்சிக்கு வந்து சேர்ந்தாள். ஐயர் எப்படியோ இன்னொரு நல்ல நேரத்தைப் பஞ்சாங்கத்திலிருந்து பிடுங்கி எடுத்தார். சங்கராபுரத்திலிருந்து வர வேண்டிய போட்டோக்காரர் வரவே இல்லை. எங்கள் கல்யாணத்துக்கு ஒரு போட்டோ கூடக் கிடையாது.

இதையெல்லாம் சிரித்துக்கொண்டே எழுதுகிறேன். ஆனால் அந்த நாட்களில் துப்பாக்கிச் சூட்டில் வீடு திரும்பாதவர்கள் இருந்தார்கள். கொளுத்தப்பட்ட குடிசைகளும் இருந்தன. அவர்களுக்கும் அது ஆவணி மாசம்தான். அந்தப் பக்கம் என் கேலி போகாது.

3

தை மாசக் கடைசியில் பாரிஸ் வந்து இறங்கினேன். சட்டம் இப்படி: கல்யாணமாகி ஒரு வருஷம் நிறைந்து, கணவனும் மனைவியும் ஒரே கூரையின் கீழ் சேர்ந்து வாழ்ந்துகொண்டிருந்தால்தான் அனுமதி அட்டை. அதைக் கார்த் என்பார்கள். அதுவரைக்கும் கையில் ஒரு ரசீது. அதைப் பிரிபெக்தூரில், அதாவது நம் கலெக்டர் ஆபீஸ் மாதிரி ஓர் இடத்தில், விடிவதற்கு முன்னால் போய் வரிசையில் நின்று புதுப்பிக்க வேண்டும். கடலூரில் எனக்குப் புதுப்பித்துப் பழக்கம் என்பதால் இதில் கஷ்டம் ஒன்றும் தெரியவில்லை. குளிர் மட்டும்தான் புதுசு.

கார்த் கிடைக்காவிட்டால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். கிடைப்பதற்கு முன்னால் நானாக ஊருக்குப் போனால் திரும்பி வர முடியாது. ஆகவே வசந்தாவா, ஊரா என்ற கேள்வியை அந்த ரசீதில் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன்.

ஓர் ஓட்டலில் பாத்திரம் கழுவும் வேலை. சரித்திரம் படித்தவன் தட்டு கழுவினால் எப்படி இருக்கும் என்று கேட்பீர்கள். ஒவ்வொரு தட்டிலும் யாரோ ஒருவர் சாப்பிட்டுப் போன தடயம் இருக்கும், ஆராய்ச்சிதான். எங்கள் வீடு ஆறாவது மாடியில் ஒற்றை அறை. சன்னலைத் திறந்தால் எதிர்வீட்டுச் சன்னல். ஊரில் காலையில் வாயில் வேப்பங்குச்சியோடு வெளியே வந்து நின்றால் மேற்கே மலை முழுசாக நிற்கும். மழை வரப்போகிறது என்றால் முதலில் அதன் தலையில்தான் மூட்டம் போடும். மூட்டத்தைப் பார்த்துவிட்டுத்தான் களத்தில் காயும் கிழங்கு வத்தலை வாருவார்கள். இங்கே மழை எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்றே எனக்குப் பிடிபடவில்லை. வந்துவிட்ட பிறகுதான் தெரியும்.

ஒரு நாள் ஆப்பிரிக்கர்கள் கடை வைத்திருக்கும் தெருவில் மரவள்ளிக் கிழங்கைப் பார்த்துவிட்டேன். எங்கள் பக்கத்துக் குச்சிக்கிழங்கேதான். மேலே மெழுகு பூசி, பெண் பார்க்க வந்தவர்களுக்கு முன்னால் உட்கார்ந்த மாதிரி வரிசையாக அடுக்கியிருந்தது. வாங்கி வந்து வேகவைத்துத் தின்றேன். நார் நாராக இருந்தது, கடைசி வரை வேகவில்லை. நான் ஒரு துண்டு கூட மீதி வைக்கவில்லை. வசந்தா எதிரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். தட்டு காலியானதும், "ஊருக்குப் போவணும் போல இருக்குதா?" என்று கேட்டாள். சும்மா பசி என்றேன்.

அப்படியே ஆனியும் முடிந்தது. ஒரு வருஷம் நிறைய இன்னும் இரண்டு மாசம்தான் பாக்கி. மனுவை முன்கூட்டியே கொடுத்தாயிற்று; சரியென்று முத்திரை விழுந்துவிட்டால், வருஷம் நிறைந்ததும் அட்டை கைக்கு வந்துவிடும். எந்த நேரமும் வீட்டுக்கு வந்து விசாரிப்பார்கள், இருவரும் சேர்ந்து இருப்பதைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவார்கள் என்று சொன்னார்கள்.

அந்த வாரத்தில்தான் என் மாமியார் தட்டில் பழம், பூ, எனக்கு வேட்டி சட்டை என்று ஆடிச் சீரோடு ரயில் ஏறி வந்தார். மகளை அழைத்துப் போக.

எனக்குத் தெரிந்த நியாயத்தையெல்லாம் எடுத்து வைத்தேன். ஆடியில் சேர்ந்திருந்தால் சித்திரை வெயிலில் பிள்ளை பிறக்கும், தாய்க்கும் பிள்ளைக்கும் ஆகாது என்றுதானே பிரிக்கிறார்கள். இந்த ஊர்ச் சித்திரையில் நான் ஸ்வெட்டருக்கு மேல் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு நின்றேனே என்றேன். விசாரணைக்கு வருவார்களே என்றும் சொன்னேன்.

"வெயிலு இந்த ஊருது மாப்ள. ஆடி நம்மூருது" என்றார் அத்தை. "ஒரு மாசம் பொறுத்துக்குங்க. கெளம்பு வசந்தா."

அரைகுறையாகச் செய்வது அவருக்குப் பிடிக்காது. புடவை, செருப்பு, சீப்பு, பல் துலக்கும் பிரஷ், தலையணை வரைக்கும் மூட்டை கட்டினார். மகள் திரும்பி வர ஒரு காரணமும் மிச்சம் இருக்கக் கூடாது என்பது திட்டம்.

4

விசாரணைக்காரர் வந்தது அடுத்த செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு. பயத்தில் நான் அவருக்கு நல்லிரவு சொன்னேன்.

அவர் அலமாரியைத் திறந்தார். பாதி காலி. குளியலறையில் ஒரு பிரஷ். கட்டிலில் ஒரு தலையணை. அடுப்பின் மேல் ஒரு தட்டு. அம்மணி எங்கே என்றார். அம்மா வீட்டில் என்றேன். எப்போது வருவார் என்றார். மாசம் முடிந்ததும் என்றேன். சண்டையா என்றார். இல்லை, மாசம் சரியில்லை என்றேன். எனக்கு இருந்த பிரெஞ்சு அவ்வளவுதான். மீதியைக் கையால் விளக்கினேன்: வயிறு, குழந்தை, வெயில், வியர்வை. மனைவி கர்ப்பமாகி என்னை விட்டு ஓடிவிட்டாள் என்று அவர் எழுதிக்கொண்டிருப்பார் என்று நினைக்கிறேன். போகும்போது எனக்காக வருத்தப்பட்ட மாதிரி கையைக் குலுக்கினார்.

பயந்து போய் அன்று சாயங்காலமே மாமியார் வீட்டுக்கு ரயில் ஏறினேன். பயந்து போய் என்று எழுதுகிறேனே தவிர, முந்தின சாயங்காலமும் அங்கேதான் போனேன். அதற்கு முந்தின சாயங்காலமும். ஆடிப் பிரிவில் மாப்பிள்ளை மாமியார் வீட்டு வாசலை மிதிக்கக் கூடாது. வாசலுக்கு வெளியே நிற்பதைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லையே. அந்த அடுக்குமாடிக்குக் கீழே கார் நிறுத்தும் இடத்தில் ஒரு மரத்தடியில் நிற்பேன். நாலாவது மாடி பால்கனிக்கு வசந்தா துண்டு காயப்போட வருவாள். தினமும் அதே துண்டு. காய்ந்த துண்டை மறுபடி நனைத்து எடுத்து வருவாள் என்று பின்னால் தெரிந்தது. கட்டிய பெண்டாட்டியைத் திருட்டுத்தனமாகப் பார்த்துவிட்டு, ஓட்டல் சோப்பு வாசனை கையோடு, கடைசிக்கு முந்தின ரயிலைப் பிடிப்பேன்.

அத்தைக்குத் தெரியாமல் இருக்குமா? மூன்றாம் நாளே ஷட்டர் இறங்கத் தொடங்கியது. இந்த ஊர்ச் சன்னலுக்கும் பால்கனிக் கதவுக்கும் வெளியே இரும்புச் சுருள் ஷட்டர் இருக்கும். வசந்தா பால்கனிக்கு வந்த கொஞ்ச நேரத்தில் அவளை உள்ளே கூப்பிட்டுக்கொண்டு அது தடதடவென்று இறங்கும். கட்டடத்தைப் பார்த்துக்கொள்ளும் போர்த்துகீசியக் கிழவி ஒரு நாள் துடைப்பத்தோடு வந்து, யாருடா நீ, தினம் யார் வீட்டை நோட்டம் பார்க்கிறாய் என்று அதட்டினாள். மேலே கை காட்டி, என் மனைவி என்றேன். அப்படியானால் மேலே போயேன் என்றாள். மாமியார் என்றேன். அவள் துடைப்பத்தைக் கீழே இறக்கிவிட்டாள். அந்த ஒரு சொல்லுக்கு எந்த நாட்டிலும் விளக்கம் தேவையில்லை போலிருக்கிறது.

விசாரணைக்காரர் வந்த அன்று மட்டும் நான் துண்டுக்காகக் காத்திருக்கவில்லை. கீழே இருந்தபடியே கத்தி விஷயத்தைச் சொன்னேன். இறங்கிக்கொண்டிருந்த ஷட்டர் பாதியில் நின்றது. பிறகு மெதுவாக மேலே ஏறியது. அத்தை வெளியே தலையை நீட்டி, "மேல வாங்க மாப்ள" என்றார். குரலில் பட்டாளம் இல்லை.

5

இரண்டு வாரம் கழித்து இருவரையும் வரச் சொல்லி ஆள் அனுப்பாத குறையாகக் கூப்பிட்டார்கள். மூன்று பேராகப் போனோம். ஆடி முடிய இன்னும் ஒரு வாரம் இருந்தது. அதனால் ரயிலில் கூட அத்தை எங்கள் இருவருக்கும் நடுவில்தான் உட்கார்ந்து வந்தார்.

அதிகாரி ஓர் அம்மாள், கண்ணாடியைச் சங்கிலியில் கோத்துக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். விசாரணைக்காரர் எழுதியிருந்ததையெல்லாம் படித்துக் காட்டினார். வசந்தா பதில் சொன்னாள். நான் மூன்று வார்த்தைக்கு ஒன்று பிடித்துக்கொண்டு, மீதியை முகங்களில் படித்தேன். முகங்கள் நன்றாக இல்லை. கல்யாணப் போட்டோ கேட்டார். இல்லை. ஏன் இல்லை? மரம் வெட்டியிருந்தார்கள். யார் வெட்டியது? இவருடைய அண்ணன். அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நான் அந்த நாற்காலியில் உட்கார்ந்து இதைக் கேட்டிருந்தால் நானே என்னைத் திருப்பி அனுப்பியிருப்பேன்.

அப்போது அத்தை எழுந்தார். அவருடைய பிரெஞ்சு பட்டாளக் குடியிருப்பில் கற்றது. பாதிக்குப் பாதி உத்தரவு. அன்று அதுவும் சரியாக வரவில்லை. தமிழிலேயே பேசிவிட்டு, சொல்லு அவங்களுக்கு என்று மகளைப் பார்த்தார்.

"பிரிச்சு வச்சது நானுங்க. என்னக் கேளுங்க. இந்தப் புள்ள தெனம் வேலய முடிச்சிட்டு வந்து எங்க வூட்டுக்குக் கீழ நின்னுகினு இருந்துச்சு. இவ நனைஞ்ச துண்டு, காஞ்ச துண்டு எல்லாத்தையும் எடுத்துக்கினு ஓடுனா. நான்தான் ஷட்டரை எறக்குனேன். சேந்து இருக்கப் புடிக்காத புருசன் பொண்டாட்டின்னா, நான் இன்னாத்துக்குங்க ஷட்டரை எறக்கணும்?"

வசந்தா இதை மொழிபெயர்க்கும்போது துண்டு வந்த இடத்தில் அவள் காது சிவந்துவிட்டது. அதிகாரி அவள் காதைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் என் கழுத்தைத் தடவிக்கொண்டேன். தினமும் நாலாவது மாடியைப் பார்த்ததில் அது பிடித்துக்கொண்டிருந்தது.

ஆனாலும் அந்த அம்மாள் கடைசியாக ஒன்று கேட்டார். வசந்தாவிடம் மட்டும் கேட்டார். வசந்தா கொஞ்சமும் யோசிக்கவில்லை. அவள் சொன்னதில் எனக்குப் புரிந்தது ஒரே வார்த்தை: கள்ளக்குறிச்சி. இந்த நாட்டுக்கு வந்து ஆறு மாசத்தில், என்னைத் தவிர வேறொருவர் வாயிலிருந்து, ஓர் அரசாங்க அறையில், அந்தப் பெயரை அப்போதுதான் கேட்டேன். இன்னா கேட்டாங்க, நீ இன்னா சொன்ன என்று அவளைத் தட்டினேன்.

"கார்த் குடுக்கலன்னா இன்னா பண்ணுவீங்கன்னு கேட்டாங்க. ஒங்க ஊருக்குப் போயி அங்கயே இருந்துடுவேன்னு சொன்னேன். ஏற்கனவே நடந்து போன வழிதான், தெரியும்னு சொன்னேன்."

நான் இன்றுவரை யாரிடமும் சொல்லாதது இதுதான். அதிகாரி முத்திரைக் கட்டையை எடுத்துவிட்டு, அதை மையில் ஒற்றிக்கொண்டிருந்த நேரம். என் கண்முன்னால் மழைமூட்டம் மலைமேல் இறங்குகிறது. களத்தில் வசந்தா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கிழங்கு வத்தலை வாரிக் கூடையில் போடுகிறாள், தெரியாத வேலை என்பதால் பாதி கீழே சிந்துகிறது, சேகர் அண்ணன் வரப்பில் நின்று கிண்டல் பண்ணுகிறார். எல்லாம் அவ்வளவு தெளிவாகத் தெரிந்தது. ஒரு வருஷமாக எதற்காகத் தவம் கிடந்தேனோ, அந்த முத்திரை விழாமல் போகட்டும் என்று அந்த ஒரு நொடி நான் வேண்டிக்கொண்டேன்.

முத்திரை விழுந்தது.

6

வெளியே வந்ததும் அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டார், என் கையைப் பிடித்து ஆட்டினார், பிறந்த வீட்டுச் சாமிகள் எல்லோருக்கும் வேண்டுதல் வைத்தார். ரயில் நிலையத்தில் நான் எங்கள் வீட்டுப் பக்கம் போகிற நடைமேடைக்குத் திரும்பினேன். வசந்தாவும் திரும்பினாள். அத்தை திரும்பவில்லை.

"கார்த் வந்துடுச்சு, சரிதான்" என்றார். "ஆடி முடியலயே."

மகளின் கையைப் பிடித்து எதிர் நடைமேடைக்கு அழைத்துப் போய்விட்டார். தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் அவர்கள் இருவரும் நின்றார்கள். இந்தப் பக்கம் நான், மனைவியோடு சேர்ந்து வாழ எனக்கு உரிமை உண்டு என்று பிரெஞ்சு அரசாங்கம் முத்திரை குத்திக் கொடுத்த காகிதத்தோடு தனியாக நின்றேன். வசந்தாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. கையை வாயில் வைத்துக்கொண்டாள். முதலில் அவர்கள் ரயில்தான் வந்தது.

முத்திரை விழ வேண்டாம் என்று வேண்டிக்கொண்டதை நான் வசந்தாவிடம் சொல்லவில்லை. கார்த் கிடைக்காமல் போயிருந்தால் அவள் என்னோடு ஊருக்கு வந்திருப்பாள்; அதில் எனக்கு ஒரு சந்தேகமும் கிடையாது. கிடைத்துவிட்டது. பிறகு இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை லீவு எடுத்துக்கொண்டு, இருவருமாக ஊருக்குப் போய் விருந்து சாப்பிட்டுவிட்டு வருகிறோம். வண்டியை விட்டு இறங்கியதும் எல்லோரும் எங்களைக் கேட்கிற முதல் கேள்வி, எப்போது திரும்பிப் போகிறீர்கள் என்பது.